ஆவிப்பையின் இரண்டு ஓட்டைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் வழக்கத்துக்காக எழுதவில்லை, காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் நினைக்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் நீ "சாப்டீங்களாப்பா" என்று கேட்ட மாத்திரத்தில் என் வாய் தானாகவே பொய் சொல்லப் பழகிவிட்டது, அதுதான் காரணம். பேனாவைப் பிடித்தால் கொஞ்சம் நிதானம் வருகிறது. இந்த உறைக்குள் அம்மா இருக்கிற முதியோர் இல்லத்தின் படிவமும் இருக்கிறது. வைத்துப் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்ன ஒரு மாதம் இருபதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் நீயும் நானும் கையெழுத்துப் போட்டால் அம்மா அங்கேயே நிரந்தரம், போடாவிட்டால் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நீ போன ஞாயிற்றுக்கிழமை "நீங்க போட்டு அனுப்புங்கப்பா, நானும் போட்டு அனுப்பிடறேன், யோசிக்க என்ன இருக்கு" என்றாய். யோசிக்க இருக்கிறது, அம்மாடி. நான் கையெழுத்துப் போடவில்லை. நீயும் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் பேனாவை எடு. நடுவில் எனக்குப் போன் செய்யாதே, செய்தால் மழுப்பிவிடுவேன்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாடிப்படி விளக்கு மறுபடியும் எரியவில்லை, தடவித் தடவித்தான் ஏறுகிறேன். கீழ் வீட்டு டாக்ஸிக்காரர் முதுகுவலி என்று இரண்டு நாளாக வண்டி எடுக்கவில்லை, ஆனால் தினம் ஒரு தடவை மேலே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிறார். எதற்கு என்று கேட்டால் "சும்மாதான் சார், சத்தத்தையே காணோமேன்னு பாத்தேன்" என்கிறார். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கத்தான் வருகிறார், பாவம், நல்ல மனுஷன். சாப்பாட்டுக்கு ரொட்டியும் பழமும் இருக்கின்றன, மத்தியானம் தெருமுனைக் கடையில் ஏதாவது வாங்கிக்கொள்கிறேன். மைக்ரோவேவ் அடுப்பைத் தொடவில்லை, ஒயரைக்கூடப் பிடுங்கி வைத்துவிட்டேன். அதன் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன காகிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. காரட் நாலு நிமிஷம், காலிஃபிளவர் ஐந்து, உருளைக்கிழங்கு ஆறு, மீன் துண்டு மூன்று, வெந்ததும் ஒரு நிமிஷம் ஆறவிட்டு, முகத்தை விட்டுத் தள்ளிப் பிடித்துத் திறக்கவும் என்று உன் கையெழுத்தில். சமையல் தெரியாத எனக்காக எழுதினாய். நாற்பது வருஷம் சமைத்த உன் அம்மாவுக்கும் அதே காகிதம்தான் வேண்டியிருந்தது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லவில்லை.

போன வருஷம் நீ லீவில் வந்திருந்தபோது நடந்தது உனக்கு மறந்திருக்காது. அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள், பாத்திரம் கருகி, பக்கத்தில் கிடந்த பிடிதுணியில் தீப்பிடித்து, நீதான் ஓடிப்போய் அணைத்தாய். மறுநாளே கேஸ் இணைப்பை எடுக்கச் சொல்லி, மைக்ரோவேவ் வாங்கி வைத்து, அலமாரி நிறைய ஆவியில் வேகவைக்கிற பைகளையும் அடுக்கிவிட்டுப் போனாய். கடையில் ஸ்டீம் பேக் என்கிறார்கள், நான் ஆவிப்பை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். காயை நறுக்கி உள்ளே போட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, வாயை அழுத்தி மூடி, பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது விஷயம். நெருப்பே கிடையாதுப்பா, இனிமே பயமே கிடையாது என்று நீ சொன்னாய். முதலில் நான் கிண்டல் செய்தேன், பிளாஸ்டிக் பையில் சமைத்த காய் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும் என்று. அப்புறம் நானே ருசிகண்டுவிட்டேன். காரட்டின் நிறம் மாறாது, காலிஃபிளவர் குழையாது. உன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவாள், ஒரே அளவாக நறுக்குவாள், அந்தக் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. நான் பையில் போட்டு வைப்பேன். அடுப்பு மணி அடித்ததும் "வந்துருச்சு" என்று அவள்தான் எழுந்து போய் எடுப்பாள், அது அவள் உரிமை, என்னை விடமாட்டாள். அந்த எட்டு மாதமும் எங்களுக்கு நன்றாகவே போனது, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பேர் மறந்துபோகும், கிழமை மறந்துபோகும், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மட்டும் அவள் பழைய ஆளாக இருப்பாள்.

நீ வாங்கி வைத்த பைகளில் ஓட்டை கிடையாது. மேல் விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் ஒட்டு கொஞ்சம் பலவீனமாக இருக்கும், உள்ளே ஆவி கூடினதும் அந்த இடம் தானாகத் திறந்து உஸ்ஸென்று காற்றை விடும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. என் தொழில் புத்திக்குப் புதுப் பையைத்தான் சோதிக்கத் தெரியும், வெந்துமுடிந்து குப்பைக்குப் போகிற பையை யார் திருப்பிப் பார்க்கிறார்கள். முழுசாக மூடின பைக்குள்தான் காய் வேகிறது என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். நீ சின்ன வயதில் என் வேலையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் முழிப்பாய். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற குளுக்கோஸ் பை தயாரிக்கிற ஆலையில் கசிவு பார்க்கிற மேஜை. இருபத்தாறு வருஷம் அந்த ஒரே மேஜை. விளக்குக் கண்ணாடியின் மேல் பையை வைக்க வேண்டும், உள்ளங்கையால் அழுத்த வேண்டும், தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் எவனோ ஒருவனுடைய ரத்தத்தில் கிருமி போய்விடும், அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். பூதக்கண்ணாடி என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். ஒரு தடவை வரிசையாக வந்த எல்லாப் பையிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஓட்டை. நான்தான் கண்டுபிடித்தேன், இயந்திர உருளையில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. மேனேஜர் எல்லார் எதிரிலும் என் தோளைத் தட்டினார். அந்தக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீ "ஆணி கதை வேண்டாம்ப்பா" என்று காதைப் பொத்திக்கொள்வாய். நீ பொத்திக்கொண்டதுதான் சரி.

நீ வாங்கினது தீர்ந்ததும் நானே போய் வாங்கினேன். அந்த வகை கடையில் இல்லை. நாலைந்து வகையை எடுத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தேன். விரலுக்கு நடுவில் தேய்த்துக் கனம் பார்த்தேன், வாயின் பூட்டு தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தேன், அடிப்பக்கம் விரிந்து நிற்கிறதா, சாய்ந்து தண்ணீர் கொட்டுமா என்று பார்த்தேன். கடைப்பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு "என்ன பெரியவரே, வைரமா வாங்கறீங்க" என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் நல்ல கனமான, அகலமான ஒட்டு உள்ள ஒரு கட்டுப் பையை எடுத்தேன். பிளாஸ்டிக்கில் குறையே சொல்ல முடியாது, இப்போதும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து பழக்க தோஷத்தில் ஒரு பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேல்பக்கம், பூட்டுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு ஓட்டை. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் இரண்டு, அதே இடத்தில். இருபது பையிலும் அதே இடத்தில். ஒரு பையில் ஓட்டை இருந்தால் தவறு, எல்லாப் பையிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது வேண்டும் என்றே வைத்தது என்று வேறு யாருக்கும் தோன்றியிருக்கும். மூணாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்கு ஆணி ஞாபகம் வந்தது. கட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்னவோ போட்டிருந்தது, நான் படிக்கவில்லை. சரக்கைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு எழுத்து எதற்கு என்ற திமிர்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் உன்னிடம் மறைத்தது. அம்மா ஒட்டினாள் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, அவள் ஒட்டவில்லை, நான்தான் ஒட்டினேன். ரிட்டயரானபோது ஆலையிலிருந்து கொண்டுவந்த ஒட்டுநாடா ஒரு சுருள் பெட்டியில் கிடந்தது, எவ்வளவு சூட்டையும் தாங்குகிற ஜாதி, கடையில் விற்கிற சாதா நாடாவாக இருந்திருந்தால் ஆவி பட்டதும் கழன்றிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. என் கெட்ட நேரம், நல்ல சரக்கு. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இருபது பைக்கும் உள்ளே ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு ஒட்டினேன். உன் அம்மா எதிரில் உட்கார்ந்து நாடாவை அளவாக வெட்டி வெட்டிக் கொடுத்தாள். ஒட்டினதை ஸ்பூனின் முதுகால் தேய்த்துத் தேய்த்துக் காற்றுக்குமிழி இல்லாமல் வழவழப்பாக்கினாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல தெளிவு. "இதுதான் நீங்க ஆலையில செய்யற வேலையா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப கஷ்டமில்ல, நானும் வரலாம் போலிருக்கே" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலை செய்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை நினைத்தால்தான் இப்போது என்னையே எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் உருளைக்கிழங்கு, ஆறு நிமிஷம். நான் உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும், மட்டமான சரக்கு விற்கிறார்கள், என்னிடம் நடக்குமா என்று உன்னிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அம்மா எழுந்து போனாள். நீ ஒரு சத்தம் கேட்டு என்னப்பா அது என்றாய். நான் பாத்திரம் விழுந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன். பொய் அங்கே தொடங்கியது. உள்ளே போய்ப் பார்த்தால் பை வாய் பிளந்து தரையில் கிடக்கிறது, கிழங்கெல்லாம் சிதறியிருக்கிறது, உன் அம்மா வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலையணை மாதிரி உப்பிப்போயிருந்த பையை அவள் மேஜையில் வைத்துப் பூட்டைப் பிரித்திருக்கிறாள், உள்ளே அடைபட்டிருந்த ஆவியெல்லாம் ஒரே வீச்சில் கையிலும் தாடையிலும் கழுத்திலும் அடித்துவிட்டது. அவள் கத்தவில்லை. "வெந்துருச்சுங்க" என்றாள். கிழங்கைச் சொன்னாளா கையைச் சொன்னாளா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். டாக்ஸிக்காரர்தான் சத்தம் கேட்டு மேலே வந்து, அவள் கையைக் குழாயடியில் பிடித்து, எங்களை வண்டியில் ஏற்றினார். டாக்டர் கேட்பார் என்று அந்தப் பையையும் மடித்து எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டரம்மா அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆவி வெளிய போறதுக்குத்தானே இந்த ஓட்டை வெச்சிருக்கான், இதை யாரு ஒட்டினது?" என்று கேட்டார். அப்போதுதான், அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அம்மா, "நான்தான் ஒட்டினேன். ஓட்டையா இருந்துச்சு, ஒட்டிட்டேன்" என்றாள், தெளிவாக, டாக்டரின் கண்ணைப் பார்த்து. டாக்டரம்மா அவளுடைய பழைய மறதி வைத்தியக் காகிதத்தைப் புரட்டினார், என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார், என்னவோ எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கு நினைவு தடுமாறிச் சொல்கிறாள், இதைப் போய் இப்போது திருத்த வேண்டுமா, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ போனில் கேட்டபோது உனக்கும் அதையே சொன்னேன். நீ அழுதாய், அப்புறம் "இனிமே அம்மாவை வீட்ல வெச்சுக்க முடியாதுப்பா, உங்களாலயும் எவ்வளவுதான் பாத்துக்க முடியும்" என்றாய். என்னைத் தியாகி ஆக்கிவிட்டாய். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, சொல்லப்போனால் அந்தப் பட்டம் எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் "தன் செயலால் தனக்கே ஆபத்து விளைவிப்பவர்" என்று எழுதியிருக்கிறது. பார், மூன்றாம் பக்கம்.

இல்லத்தைக் குறை சொல்ல மாட்டேன். சுத்தமாக இருக்கிறது, நடைவழியில் கைப்பிடி இருக்கிறது, வேளாவேளைக்கு மூடிபோட்ட தட்டு வருகிறது. ஆனால் உன் அம்மா அந்த மூடியைத் திறப்பதில்லை. புண் ஆறி வருகிறது, இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை, அதனால் திறக்க முடியவில்லையோ என்று திறந்து கொடுத்தாலும் மறுபடி மூடிவிடுகிறாளாம், ஆயா ஊட்டுகிற நாலு வாய் கஞ்சியோடு சரி. பெரிய நர்ஸம்மா, "புதுசா வர்றவங்க இப்படித்தான் இருப்பாங்க, பழகிடும்" என்கிறார். பதினைந்து நாளில் அவள் தோள் எலும்பு வெளியே தெரிகிறது. உன்னிடம் நான் போனில் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சொன்னேன், அதுவும் பொய். என்னைப் பார்த்தால் சில நாள் சிரிப்பாள், சில நாள் யாரோ என்று நினைப்பாள். அடுத்ததை எழுதுவதற்கு முன்னால் உனக்குத் தெரியாத ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். உனக்கு அப்போது நாலு வயது. என் மேஜையைத் தாண்டி ஒரு பெட்டி கசிவுப் பை வெளியே போய்விட்டது. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் ஏற்றுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டார்கள். எனக்கு மெமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் வேலை இல்லை. அப்பா லீவில் இருக்கிறார் என்று உனக்குச் சொன்னோம். ஒருநாள் உன் அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போய், என்னிடம் சொல்லாமலே போய், தப்பு என்னோடதுங்க, அந்த வாரம் எனக்கு உடம்பு சரியில்லை, அவரைத் தூங்கவே விடலை, அதனாலதான் கண்ணு அசந்துட்டார் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஒரு தலைவலிகூட இல்லை அந்த வாரம். நான் என் கவனக்குறைவால்தான் விட்டேன். இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசினதில்லை, நன்றி என்றும் சொன்னதில்லை.

போன வியாழக்கிழமை பார்க்கப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கோப்பு, இந்தப் படிவத்துக்காகத்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மூடின தட்டு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றாள். ஆலையிலிருந்து விசாரிக்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சார், அந்தப் பையை ஒட்டினது நான்தான் சார். அவர் இல்லை. டாக்டரம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன், நீங்களும் அப்படியே எழுதிக்குங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அம்மாடி. ஆஸ்பத்திரியில் நினைவு தடுமாறிச் சொன்னாள் என்று நான் வசதியாக நினைத்துக்கொண்டேனே, தடுமாறவே இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று, வேறு யாரோ மாதிரியே, கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அவருக்கு ஏற்கெனவே ஒரு மெமோ குடுத்திருக்காங்க சார். இன்னொரு தடவைன்னா வேலை போயிடும். வீட்ல சின்னப் பொண்ணு இருக்கா சார்" என்றாள்.

அந்தச் சின்னப் பொண்ணு நீதான்.

நான் கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்து, எழுதுகிற மாதிரி செய்தேன். எழுதிக்கிட்டேன்மா, அவர் வேலைக்கு ஒண்ணும் ஆகாது என்றேன். "நிஜமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். நிஜமாக என்றேன். உடனே உட்கார்ந்தாள், அந்த மடங்காத கையால் மூடியை நெம்பித் திறந்தாள், சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் ஆறிப்போயிருந்தது. அவ்வளவையும் சாப்பிட்டாள். இந்தப் பதினைந்து நாளும் அவள் அரைப்பட்டினி கிடந்தது விசாரணை முடியட்டும் என்றுதான் போலிருக்கிறது. நான் நடைவழிக்கு வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, ஒரு ஆயா வந்து என்னையும் உள்ளே இருப்பவர் என்று நினைத்து எந்த அறை என்று கேட்டாள்.

மறுநாளே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அப்ப அவங்களை வீட்டுக்கு அனுப்பலாமான்னு நான் இன்னும் அதிகமா கவலைப்படணும், இல்லையா" என்றார். நியாயம்தானே. உண்மையைச் சொன்னால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன், உண்மை என்னவென்றால் அவள் வராமல் போவதற்கும் அதுவே காரணம் ஆகலாம். ஆனாலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். காரணக் கட்டத்தில் இருந்ததை அடித்திருக்கிறேன், பக்கத்தில் டாக்டரம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. முடிவு உன்னுடையது. அம்மா வீட்டுக்கு வரட்டும் என்றால் நான் சமையலறைக்குள் கால் வைக்க மாட்டேன், டாக்ஸிக்காரர் வீட்டு அம்மா இரண்டு வேளை சமைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவள் சும்மா உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுக்கட்டும், அதுபோதும். இதைப் படித்த பிறகும் இல்லத்தில் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று உனக்குப் பட்டால், அதையும் மறுக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் அவள் பேரில் ஒரு எழுத்துகூட எழுதாதே. கணவரை நம்பி விட முடியாது என்று எழுது. அதற்குக் கீழே நான் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன், பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறதா என்றும் கேட்டுவிடுகிறேன். என்னைத் திட்ட வேண்டும் போல் இருந்தால் திட்டு, ஒரு மாதம் பேசாமல் இருக்க வேண்டும் போல் இருந்தால் இரு. ஆனால் அம்மாவோடு பேசும்போது இந்தக் கதையை எடுக்காதே. அவளைப் பொறுத்தவரைக்கும் விசாரணை முடிந்துவிட்டது, அவள் ஜெயித்துவிட்டாள், அது அப்படியே இருக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். யாராவது உனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே நன்றி சொல்லிவிடு, அன்றைக்கே உண்மையையும் சொல்லிவிடு, அப்பா மாதிரி இருபத்தைந்து வருஷம் தள்ளிப்போடாதே. உன் வீட்டிலும் இந்த ஆவிப்பைகளை உபயோகிக்கிறாய் என்று தெரியும். வாங்கினதும் பின்பக்கத்துப் பொடி எழுத்தை முழுசாகப் படி. பாதிக்கு மேல் காய் நிரப்பாதே. பை உப்பியிருந்தால் தொடாதே, அடுப்புக்குள்ளேயே ஆறட்டும். ஓட்டை இருந்தால், அம்மாடி, அதை விட்டுவிடு. மீதிப் பத்தொன்பது பையையும் கத்தரியால் வெட்டிப் போட உட்கார்ந்தேன். பதினெட்டை வெட்டினேன். ஒன்றில் நாடாவுக்கு அடியில் அம்மாவின் விரல் ரேகை படிந்து அப்படியே இருக்கிறது, அதை வெட்டக் கை வரவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன். படிவத்தை இருபதாம் தேதிக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி அனுப்பு.

ஓட்டைகளை ஒட்டிய,
உன் அப்பா.